மில் இரைச்சலுக்குள் அராபா

ஊறின மக்காச்சோளத்தை இரண்டு கையாலும் அள்ளி மில்லின் மேல்தொட்டியில் போட்டுக்கொண்டே, வரிசையில் நிற்கிறவளின் முகத்தை அராபா ஒரு பார்வை பார்க்கிறாள்.

"என்னடி, மூஞ்சி கருவாட்டுச் சட்டி மாதிரி இருக்கு?"

"வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமையிலேருந்து பேசலக்கா."

"நல்லதுதானே. பேசினா மட்டும் என்ன, சங்கீதமா பாடப்போறார்?"

வரிசை சிரிக்கிறது. அராபா சிரிப்பதில்லை. கண்ணை மூடி, மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலைத் தூக்கிக்கொண்டு ஒரு வரியை அங்கேயே கட்டுகிறாள். "மூடின வாய்க்கும் சோறு போடுகிறவரே, என் வீட்டு வாயைத் திறக்கமாட்டீரா?" உடனே வரிசையிலிருந்து, "திறப்பார், திறப்பார்" என்று பதில் வருகிறது. முகம் கருத்து வந்தவள் மாவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, அதே வரியை முனகியபடி போகிறாள்.

எங்கள் துறைமுக ஊரான செகொண்டியில் மெதடிஸ்ட் சபைக்கு இந்த வழக்கம் உண்டு. போதகர் பிரசங்கத்தின் நடுவில் இருக்கும்போது ஒரு பெண் எழுந்து பாடத் தொடங்கலாம். சொல் எல்லாம் அப்போதே கட்டுவது. அவள் முடிக்கும்வரை போதகர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த வழக்கத்தை மிளகாயும் சோளமும் அரைக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தது அராபாதான்.

நான் அவள் மில்லுக்குப் பின்னறையில் குடியிருக்கிறேன். துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலை. காலையில் நான் எழுவது மோட்டார் உறுமலில்தான். அராபா உயரமானவள், நிலைப்படியில் குனியாமல் நுழைந்து இடித்துக்கொண்டு, பிறகு நிலையைத் திட்டுவாள். இமைமயிர்வரை மாவு. மிளகாய் அரைத்த நாளில் அதே கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "நானும் அழுதுட்டேன், ஆண்டவருக்குக் கணக்கு சரியாப்போச்சு" என்பாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கம். மில் முழு வேகத்தில் ஓடும்போதுதான் அவள் சொந்த ஜெபத்தைச் செய்வாள், உரக்க, தொண்டை கிழிய. ஏன் என்று கேட்டேன். "ஊருக்குக் கேக்கக் கூடாது எஸி. அவருக்குக் கேட்டாப் போதும். அவருக்கு இரைச்சல் ஒரு பொருட்டா?"

ஒருநாள் அவள் ஜெபத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. மோட்டார் சட்டென்று அடங்க, மிச்ச ஜெபம் தெருமுழுக்கக் கேட்டது: "...உம்மால முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடும், நான் ஒருத்தியே அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு!"

அராபா சுற்றிலும் பார்த்தாள். "கேட்டுட்டீங்க இல்ல? அப்ப சும்மா நிக்காதீங்க, ஆமென் சொல்லுங்க," என்றாள்.

அவள் தூக்கிக் குளிப்பாட்டுகிறவர் கணவர் ஃபீஃபி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று ரத்தக்கொதிப்பு மாத்திரையை அவராகவே நிறுத்தினார். ஒரு காலை, வேலைக்குக் கிளம்பச் செருப்பு வாரைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அராபாவும் ஃபீஃபியின் தங்கை அட்வோவாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அவரை நாற்காலியில் உட்காரவைப்பார்கள்.

அட்வோவா பிள்ளையில்லாத விதவை. கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அதனால் அவள் அவனோடு பேசுவதை நிறுத்தவேயில்லை. முற்றம் பெருக்கும்போது மழை வரப்போவதையும் மீன் வரத்துக் குறைந்ததையும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

வினை அந்தப் பேச்சில்தான் முளைத்தது. ரொட்டி விற்கும் எஃபுவா, அராபாவின் சிநேகிதி. சபையில் ஒரே பெஞ்சு, பாட்டில் ஒரே குரல். அவள்தான், "மேட்டுல ஒரு தீர்க்கதரிசி வந்திருக்காரு அராபா, கை வெச்சா நடக்காதவன் நடக்கிறான்," என்றாள். அராபா மறுக்கவில்லை. ஜெபம் எங்கே கிடைத்தாலும் வாங்கிக்கொள்கிறவள் அவள். ஃபீஃபியை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு அட்வோவா, எஃபுவா, நான் எல்லோரும் போனோம்.

தகரக் கூரை. கூட்டம். தீர்க்கதரிசி ஃபீஃபியின் தலையில் கைவைத்துக் கொஞ்சநேரம் நின்றார். பிறகு கையை எடுத்து, "இந்த வீட்டுல தனியா நின்னு பேசுற பொம்பளை யாரு?" என்றார். அட்வோவா எனக்குப் பின்னால் ஒதுங்கினாள். "இவ நாக்குதான் அண்ணன் நாக்கைக் கட்டிவெச்சிருக்கு. இவளை இங்க விட்டுட்டுப் போங்க. உபவாசம் போட்டு ஒத்துக்க வைக்கிறோம்."

கொட்டகையின் ஓரத்தில் ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் கணுக்காலில் சங்கிலி இருந்தது. அராபா அதைப் பார்த்தாள். கூட்டம் அட்வோவாவை நோக்கி நெருங்கியது. எஃபுவாதான் முதலில் கத்தினாள்: "சூனியக்காரி, ஒத்துக்கோ."

அராபா நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஐயா, பிசாசு இருக்குன்னு நானும் நம்புறேன். ஆனா அது இவ இல்ல. என் புருஷன் மாத்திரையைத் தூக்கிப் போட்டாரு. அதைப் பார்த்துட்டு நானும் சும்மா இருந்தேன். அதுக்கு இவ எப்படிப் பொறுப்பாவா?"

"அப்ப உன் புருஷன் நடக்கவேண்டாமா?"

அந்தக் கேள்வி அவளைத் தைத்துவிட்டது. "நடக்கணும்," என்றாள். "இவளை மிதிச்சு நடக்கவேண்டாம்."

இறங்கி வரும்போது டாக்ஸியில் அராபா நாத்தனாரின் மணிக்கட்டை விடவேயில்லை. எஃபுவா எங்களோடு வரவில்லை.

ஆனால் பேச்சு எங்களுக்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தது. சூனியக்காரி இருக்கிற வீட்டில் அரைத்த மிளகாயை யார் குழம்பில் போடுவார்கள்? மறுநாள் வரிசை பாதியானது. அந்த வாரம் முடிவதற்குள் வரிசையே இல்லை. பெண்கள் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மில்லைத் தாண்டி, ரயில்பாதைக்கு அந்தப்பக்கம் இருக்கிற மில்லுக்குப் போனார்கள்.

மற்றவர்களாயிருந்தால் அட்வோவாவைக் கொஞ்சநாள் உள்ளறையில் வைத்திருப்பார்கள். அராபா அவளுக்குத் தலைத்துணி கட்டி, தெருவில் எல்லோருக்கும் தெரியும்படி தொட்டிப்பக்கத்தில் உட்காரவைத்தாள். "இனிமே சோளம் போடுறது நீ. நான் மோட்டார் பெல்ட்டைப் பாத்துக்கிறேன்."

"யாரு சோளம் கொண்டுவரா அண்ணி, நான் போடுறதுக்கு?"

"நம்ம வீட்டுச் சோளம் இருக்குல்ல, அதைப் போடு. மில் துருப்பிடிக்கக் கூடாது."

இப்படி அவர்களுக்கு அவர்களே அரைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். மோட்டார் ஓடவில்லை. அராபா கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் உட்கார்ந்திருந்தாள். பெல்ட் அறுந்து மடியில் கிடந்தது. அவளை அப்படிச் சும்மா நான் பார்த்ததேயில்லை.

"பாட்டு வரமாட்டேங்குது எஸி," என்றாள். "வாயைத் திறந்தா காத்துதான் வருது. அடுத்தவளுக்கெல்லாம் ஆறுதல் சொன்னேன். எனக்குன்னு வரும்போது ஒரு வரி நிக்கலை."

பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே அட்வோவாவின் குரல் கேட்டது. அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே காணாமல்போன கணவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "கேளுங்க, அண்ணி என்னை விட்டுட்டு வரல. பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நீங்க இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பீங்க."

அராபா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைச் சிந்தி, "ஊசி கொண்டா. இந்தப் பெல்ட்டைத் தைச்சுப் பாக்கலாம்," என்றாள். ஊசி அதற்குள் இறங்கவில்லை. கம்பியால் துளைபோட்டு இருவரும் தைத்தோம். தையல் கோணல்தான், ஆனாலும் ஓடியது.

சனிக்கிழமை போதகர் ஓட்டூ வந்தார். நல்ல மனிதர், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். "அராபா, அந்தத் தீர்க்கதரிசி சொன்னது தப்புதான். ஆனாலும் சபை அமளியாகுது. அட்வோவாவைக் கொஞ்சநாள் உறவுக்காரங்க வீட்டுக்கு அனுப்பினா என்ன?"

"ஐயா, அவளுக்கு உறவு நாங்கதான்."

"நாளைக்குக் கோயிலுக்காவது வராம..."

"நாளைக்கு வருவா. என் பக்கத்துல உக்காருவா."

ஞாயிற்றுக்கிழமை அப்படியே உட்கார்ந்தாள். அந்த பெஞ்சிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறிடம் போனார்கள். எஃபுவா முன்வரிசைக்குப் போய்விட்டாள். போதகர் அன்று சாந்தமாக இருப்பதைப்பற்றிப் பிரசங்கித்தார், பொதுவாக, யாரையும் பார்க்காமல். அராபா எழுந்து நின்றாள். போதகர் வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டார்.

"உள்ளே இருக்கிறவளை வெளியே தள்ளிவிட்டு, வெளியே நின்று தட்டுகிற உம்மை எப்படி உள்ளே கூப்பிடுவேன்?" என்று பாடினாள். குரல் கரகரத்தது.

பதில்பாட்டு வரவேண்டும். வரவில்லை. விசிறிகள்கூட நின்றுவிட்டன. அவள் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முன்னிருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அதே வரியை இன்னும் மெதுவாக, இன்னும் உறுதியாக மறுபடி பாடினாள்.

அட்வோவா தலையைத் தூக்கவில்லை. ஆனால் பதில் அவளிடமிருந்து வந்தது, முற்றம் பெருக்கும்போது பேசுகிற அதே தாழ்ந்த குரலில்: "எப்படிக் கூப்பிடுவேன், எப்படிக் கூப்பிடுவேன்?" நானும் சேர்ந்துகொண்டேன், எனக்குச் சுருதி நிற்காது, அதைப்பற்றி அன்று கவலைப்படவில்லை. பின்வரிசையிலிருந்து, புளித்த சோளமாவுக் கெங்கியை வாழையிலையில் பொதிந்து விற்கிற மான்சா, தன் கனத்த குரலைக் கொடுத்தாள். அதன்பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குரல்கள். எல்லோரும் பாடவில்லை. எஃபுவா பாடவில்லை.

போதகர் கையை அவிழ்த்து, வைத்திருந்த பிரசங்கத் தாளை மடித்தார். "இன்னைக்கு இதுதான் பிரசங்கம்," என்றார்.

திங்கட்கிழமை விடியலிலேயே மான்சா பெரிய அண்டாவில் சோளத்தோடு வந்து நின்றாள். "ரயில்பாதை தாண்டி நடந்து என் முட்டி போச்சு," என்று அட்வோவாவைப் பார்த்து முறைத்தாள். "சீக்கிரம் போடு. பேயாயிருந்தாலும் மாவு நைசா வந்தாச் சரி."

அட்வோவாவுக்கு அன்றுதான் சிரிப்பு வந்தது.

அப்புறம் ஒருத்தி, பிறகு இருவர். பழைய வரிசை முழுதாக இன்னும் திரும்பவில்லை. சிலர் இனி வரமாட்டார்கள் என்று அராபாவுக்குத் தெரியும். ஃபீஃபி நடக்கவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி அராபா தினமும் அவர் காலை மடக்கி நீட்டுகிறாள். அவர் வலியில் முனகினால், "திட்டுங்க, திட்டுங்க, எப்படியாவது ஒரு வார்த்தை வரட்டும்," என்கிறாள். இப்போது அவர் இடதுகையால் கரண்டி பிடிக்கிறார். இரைச்சலுக்குள் அவள் ஜெபம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. என்ன கேட்கிறாள் என்று நான் கேட்பதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மில்லில் நிற்க இடமில்லை. எல்லா வீட்டிலும் பண்டிகைச் சமையல். எந்த மில்லிலும் கூட்டம். வரிசையின் கடைசியில் எஃபுவா வந்து நின்றதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தலையில் சோளம் நிறைந்த பெரிய பாத்திரம். ஆள் ஆளாக நகர்ந்து, அட்வோவா உட்கார்ந்திருக்கிற தொட்டிக்கு எதிரே வந்தாள். எஃபுவாவின் கண் தரையில் இருந்தது. "அராபா..." என்று தொடங்கினாள், மேலே வரவில்லை. அந்தக் கனத்தைத் தானே இறக்கவும் அவளால் முடியவில்லை.

பெல்ட்டின் பக்கத்திலிருந்து அராபா எழுந்து வந்தாள். இரண்டு கையையும் தூக்கி, எஃபுவாவின் தலையிலிருந்து பாத்திரத்தை மெல்ல இறக்கினாள். இறக்கியதைத் தரையில் வைக்கவில்லை. அப்படியே திரும்பி, அட்வோவாவின் கைகளில் கொடுத்தாள்.