வெட்டாத லென்ஸைத் துடைத்தவன்

கண்ணாடிக்கடைக்காரர் ஃபிரேமை எடுக்க உள்ளே திரும்பிய நேரத்தில், இன்னும் வெட்டாத என் புது லென்ஸ்கள் இரண்டையும் கைக்குட்டையால் பளபளவென்று துடைத்துவைத்தவன் நான்தான். வீட்டில் சாப்பிட்ட மேசையைக்கூடத் துடைக்காதவன்.

பழைய கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்து நொறுக்கியிருந்தேன். மைனஸ் ஒன்பதும், கோணம் பார்த்துப் பொருத்த வேண்டிய சிலிண்டர் பவரும் உள்ளவனுக்குக் கண்ணாடியில்லாமல் நாங்கள் குடியிருக்கும் பாலிகஞ்ச் வெறும் வண்ணக் கரைசல். இருப்பதிலேயே மெல்லிய லென்ஸ், தூசி ஒட்டாத வழுவழுப்பான பூச்சு என்று ஆசையாகக் கேட்டு வாங்கியிருந்தேன். மூக்கருகே பிடித்துப் பார்த்தால் மேலே மங்கலாக ஒரு படலம். அழுக்கு என்று முடிவுகட்டிவிட்டேன்.

அது அழுக்கில்லை. வழுக்கும் பூச்சின்மேல் பிடிப்புக்காகப் போட்டு அனுப்புவது. லென்ஸில் ஒரு வில்லையை ஒட்டி, அதைப் பிடித்துச் சுழற்றித்தான் இயந்திரம் ஓரம் தேய்க்கும். ஒட்டுவதற்கு நான் எதையும் விட்டுவைக்கவில்லை. தண்ணீர் பீய்ச்ச, சக்கரம் கீச்சிட, இரண்டும் ஃபிரேமில் அழகாகவே உட்கார்ந்தன. போட்டுப் பார்த்தேன். கதவு ஒரு பக்கம் சாய்ந்தது, கடைக்காரர் மறுபக்கம் சாய்ந்தார்.

கழற்றி வாங்கிக் கருவியில் வைத்துப் பார்த்தவர், இந்தியில் கேட்டார்: "பவர் சரி, தேய்க்கும்போது லென்ஸ் வழுக்கி ஆக்ஸிஸ், அதான் கோணம், திரும்பியிருக்கே... துடைச்சீங்களா?"

"லேசாத்தான்."

"கீ கொர்லேன் தாதா!" என்ன காரியம் செய்தீர்கள் என்று வங்காளத்திலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். "பூஜைக்கு லேப் மூடியாச்சு. வேற லென்ஸ் இனி லட்சுமி பூஜை கழிஞ்சுதான்."

வேறு வழியில்லாமல் அந்தக் கண்ணாடியையே மாட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். மறுநாள் சப்தமி, துர்க்கை பூஜையின் முதல் பெரிய நாள். எங்கள் குடியிருப்புப் பந்தலில் மகள் முதன்முறையாக வங்காளக் கவிதை சொல்கிறாள். மறந்துபோனால் தன் முந்தானையை இழுப்பாள், அதுதான் எங்கள் சைகை. நான் முன்வரிசையிலிருந்து அடுத்த வரிக்கு வாயசைக்க வேண்டும். வங்காள எழுத்து தெரியாததால் முழுக் கவிதையையும் தமிழில் எழுதிவைத்துக் குளிக்கும்போதெல்லாம் உருப்போட்டிருந்தேன்.

"அப்பா, என்னையே பாத்துட்டிரு, புரியுதா?" புதுக் கண்ணாடியைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேடை, துர்க்கைக்குப் பக்கத்திலேயே. குரல் ஒலிபெருக்கிகளின் வழியே எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. சிவப்புக்கரை வெள்ளைச் சேலையில் தலைகுனிந்து நின்ற உருவத்தைக் கண்டுபிடித்தேன். பாவம், பயந்திருக்கிறாள். நாலாவது வரியில் குரல் நின்றது. அசைவது முந்தானையா, மின்விசிறிக் காற்றா? ஐந்தாவது வரிக்கு வாயசைத்தேன். மறுபடியும், மீன்தொட்டி மீனைப்போல. பின்னாலிருந்து ஒரு மாமி, "அய்யோ, கொழந்தே!" என்றாள். எழுந்து கத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில் மகளே இரண்டு வரிகளைத் தாண்டிக் குதித்து எப்படியோ முடித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது நானே ஆரம்பித்தேன்.

"சரியாத்தானேடா எடுத்துக் குடுத்தேன், பாக்கலையா?"

"பாத்தேன்ப்பா. நீ கலா பௌகிட்ட சொல்லிட்டிருந்தே."

கலா பௌ என்பது, பந்தலில் துர்க்கையோடு இருக்கும் பிள்ளையார் பக்கத்தில் சேலை சுற்றி நிறுத்துகிற வாழைக்கன்று.

"அவளுக்கு எதுவும் மறக்கலைப்பா" என்றாள்.