மாமியின் வழுதலங்காய் நாற்று

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடத் தேறாது. நாகர்கோவிலில் ஓர் ஆய்வுக்கூடத்தில், காய்கறிச் செடிகளைக் கருகவைக்கும் பூஞ்சைகளை வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. விதையை ஈரத்தாளில் வைத்து மூடிவிட்டால் அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கோ இருப்புக் கொள்ளாது. போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பேன்.

அந்த முறை தாளில் கிடந்தது என் தாய்மாமன் மனைவியின் கத்தரி விதை, எங்கள் பக்கத்துப் பேச்சில் வழுதலங்காய். கருங்கல் ஊர்ப் பக்கம் அவள் வீடு. ஊரில் மாமிக்குக் கைராசிக்காரி என்று பேர். அவள் முளைக்கவைத்த வழுதலங்காய் நாற்றுக்குப் பெண்கள் மழைக்கு முன்பே சொல்லிவைப்பார்கள். கேட்டவர்களுக்கு அவள் இல்லை என்றதில்லை. போன மழைக்குப் பிறகு அவள் தோட்டத்தில் இலையெல்லாம் பழுப்பு வட்டம் விழுந்து, தண்டு கருகி, காய் அழுகியது. நாற்று வாங்கிப்போன வீடுகளிலும் அதே கதை. மழை கூடிப்போச்சு என்றார்கள் சிலர், கண்பட்டுவிட்டது என்றார்கள் சிலர். மாமியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நோய் வந்த காயைக் கொடுத்தனுப்பச் சொன்னேன். வந்த பையைத் திறந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பதிலேயே நல்ல காய்கள், மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்து வாழையிலையில் பொதிந்து வந்திருந்தன. போனில் கத்தினேன். அழுகினதையா ஒருத்தர் கையில் கொடுப்பார்கள் என்று மாமி திருப்பிக் கேட்டாள். மறுநாளே பஸ் ஏறிப் போய் அழுகிய காயை நானே பறித்தேன். அவள் எடுத்துவைத்திருந்த விதையிலும் ஒரு பிடி வாங்கினேன். அதே விதையில் முளைத்த நாற்று, தோட்டத்து மூலையில் பச்சைப்பசேலென்று நின்றது. நான் சொல்லும்வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன். கேட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று முணுமுணுத்தாள்.

அப்புறம் தினமும் போன். தெரிந்ததா தெரிந்ததா என்று அவள். பொறுங்கள் மாமி என்று நான். யார் யாருக்குப் பொறுமை சொல்வது பாருங்கள்! மழை நெருங்கிக்கொண்டிருந்தது, நாற்று முற்றிக்கொண்டிருந்தது. விதையில் ஒன்றும் இருக்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன். ஆய்வு செய்கிறவள் அப்படி வேண்டக் கூடாதுதான்.

ஒரு காலையில் பார்த்தால் விதைகளின்மேல் கறுப்புப் புள்ளிகள். அழுகிய காயில் இருந்த அதே பூஞ்சை. விதையிலிருந்து நாற்றுக்கு ஏறித்தான் அது வீடு வீடாகப் போயிருக்கிறது. போனில் சொல்ல மனம் வராமல் நேரிலேயே போனேன்.

மாமி முழுவதையும் கேட்டாள்.

"அப்போ அவிய வீட்டுச் செடிக்கெல்லாம் நோயக் குடுத்தது நாந்தானா மக்கா?"

விதைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று என்னென்னவோ அடுக்கினேன். அடுத்த முறை விதையைச் சுத்தம் செய்யும் வழியையும் சொன்னேன். அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

அந்நேரம் பக்கத்து வீட்டுப் பெண் கூடையோடு வந்து நாற்று பறிக்கலாமா என்று கேட்டாள். நான் வாயெடுப்பதற்குள் மாமி என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"நாத்து வேண்டாம் பிள்ளே. எனக்க கைக்கு இப்போ ராசி இல்ல."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மாமி கேலி பேசுகிறாள் என்று நினைத்து நேராக மூலைக்குப் போனாள். மாமி அவளைத் தாண்டி ஓடினாள். நாற்றையெல்லாம் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, தன் காலாலேயே போட்டு மிதித்தாள்.