நான்காவது லைஃப் ஜாக்கெட்

இது நடந்தது. போன ஜனவரியில், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றியது என்று நானே தள்ளியிருப்பேன். விமல் சொன்னதை முதலில் கேட்டேன். பிறகு அஸ்கர் அலியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். இருவர் சொன்ன நேரமும் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. இதில் அஸ்கர் அலி வாழ்க்கையில் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவன். “தண்ணியடிச்சா அப்படித்தான் தெரியும்” என்று சிரிக்கத் தயாராக இருப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விமலும் ஜெயசீலனும் ஜெபல் அலியில் ஒரே கிடங்கில் வேலை பார்த்தவர்கள். ஐந்து வருடப் பழக்கம். கனமான பெட்டி வந்தால் இரண்டு பேரும்தான் சேர்ந்து தூக்குவார்கள். ஜெயசீலன் பின்பக்கம் நின்று “ஒண்ணு… ரெண்டு… ஏந்துலே!” என்பான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அந்தக் குரல் கேட்டால் விமலின் கை தானாகத் தூக்கும்.

ஜெயசீலனுக்கு ஒரு ஆசை இருந்தது. அபுதாபியில், அங்கேயே பீர் தயாரித்து அங்கேயே ஊற்றித் தரும் ஒரு கடையைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டான். அதைச் சுற்றி ஒரு நாள் பயணமே போட்டுவிட்டான். காலையில் முஸஃபாவில் ஒரு தமிழ் மெஸ்ஸில் பொங்கல். மதியம் மீன். மாலையில் அலையாத்திக் காட்டுக்குள் கயாக் படகு. கடல் நீர் எத்தனை மணிக்கு ஏறும் என்றுகூடப் பார்த்து எழுதியிருந்தான். பீர் கடைசியில். “முதல்ல தண்ணி, பொறவுதான் பீரு. மாத்துன, மக்கா, சோலி முடிஞ்சிரும்” என்பான். காரோட்ட, கிடங்கு நண்பன் அஸ்கர் அலி. ஆக மொத்தம் மூன்று பேர். பயணத்துக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வேறு.

டிசம்பரில் கிடங்கில் ஆட்குறைப்பு வந்தது. இரண்டு பேரில் ஒருவர் போக வேண்டும். மேனேஜர் பாலா, ஜெயசீலன் பெயரை அடித்துவிட்டார். விசாவும் கேன்சல் ஆனது. வேறு வேலை தேட மிச்சமிருந்தது சில வாரங்கள்தான்.

மிஞ்சியவன் விமல். அவனுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தால் சம்பளம் உயரும், குடும்ப விசா எடுக்கலாம், மனைவி சங்கீதாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். அதற்கு பாலாவின் கையெழுத்து வேண்டும். அந்த பாலாவுக்கு பீர் என்றால் உயிர்.

விமல் என்ன செய்தான் தெரியுமா? புதிதாக ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினான். பாலா, அஸ்கர் அலி, தான். ஜெயசீலன் இல்லை. ஜெயசீலன் எழுதிய திட்டத்தை அப்படியே எடுத்து, “சார், ஒரு டிரிப் பிளான் பண்ணிருக்கேன்” என்று அதில் போட்டான். பாலா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பழைய குரூப்பில் ஜெயசீலன், “மக்கா, நம்ம டிரிப் எப்பம்?” என்று கேட்டிருந்தான். யாரும் பதில் போடவில்லை. விமலுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட விசா பெரிதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை 6.11. விமல் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெயசீலன். விஷயம் தெரிந்துவிட்டது, சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தான் விமல். கட் செய்தான். மறுபடி அடிக்கவில்லை.

7.30க்குக் கிளம்பினார்கள். அஸ்கர் அலி ஓட்டினான். பாலா முன்னால். விமல் பின்னால், வலதுபக்கம். அவன் பக்கத்து சீட் காலி.

8.50, முஸஃபா மெஸ். பொங்கல் நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் பையன் நான்கு டீ கொண்டுவந்து வைத்தான்.

“மூணுதானேப்பா சொன்னோம்?” என்றார் பாலா.

“அந்த அண்ணன் நாலுன்னாரு. கை கழுவப் போனாரே, அவரு.”

கை கழுவும் இடத்தில் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அஸ்கர் அலி எழுந்து போய் மூடிவிட்டு வந்தான். நான்காவது டீயை பாலா குடித்தார்.

படகுக்குப் பிறகுதான் பீர் என்று விமல் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தான். பாலா கேட்கவில்லை. “அதென்னப்பா டைம்டேபிளு? மொதல்ல பீரு. உன்ர பிளான்தானே, மாத்திக்க.” தன்னுடைய திட்டம் இல்லையே என்று விமலால் எப்படிச் சொல்ல முடியும்?

12.40, பீர் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரத்தைத் தாண்டிய எஃகு டாங்கிகள். ஒரு பலகையில் ஐந்து சின்னக் கிளாஸ்கள், ஐந்து வகை. வெளிறியதில் தொடங்கி, பேரீச்சம்பழம் போட்ட கருப்பு பீரில் முடியும். அந்தக் கருப்பு பீரைக் குடிக்கத்தான் ஜெயசீலன் ஒரு வருடமாகத் தவம் கிடந்தான். இரண்டு பலகைதான் கேட்டார்கள். மூன்று வந்தது. “வச்சிட்டுப் போகட்டும், நான் பாத்துக்கறேன்” என்றார் பாலா. ஆனால் மீன் வந்ததும் அதை மறந்துவிட்டார். விமலுக்கு எதுவும் இறங்கவில்லை. ஒரே ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டான்.

கிளம்பும்போது மூன்றாவது பலகையைப் பார்த்தான். நான்கு கிளாஸ் நிறைந்தே இருந்தது. கருப்பு பீர் இருந்த கிளாஸ் மட்டும் காலி.

“சார், நீங்களா…?”

“நான் தொடலப்பா.”

3.25. கார் நகர்ந்ததும் ஒரு ஒலி. டிங்… டிங்… டிங்… யாரோ சீட் பெல்ட் போடவில்லை. மூவரும் போட்டிருந்தார்கள். திரையில் காட்டியது பின்சீட், இடதுபக்கம். விமல் கையால் தடவிப் பார்த்தான். பை இல்லை, தண்ணீர் பாட்டில்கூட இல்லை. டிங்… டிங்… டிங்… அஸ்கர் அலி ஓரமாக நிறுத்தினான். இறங்கிப் பின்கதவைத் திறந்து, காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டினான்.

ஒலி நின்றது.

“சென்சார் கோளாறு” என்றார் பாலா. அஸ்கர் அலி காரை எடுத்தான்.

4.20, கயாக் நிலையம். ஒரே கூட்டம். கவுன்டரில் ஷிரின் என்ற பெண் ஹிந்தியில் விறுவிறுவென்று சொன்னாள். ஆளுக்கு ஒரு ஃபார்ம். எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று கையெழுத்து. கடைசி வரியில், அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும், பெயர், எண். விமல் சங்கீதாவை எழுதினான். எமிரேட்ஸ் ஐடி கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டாள், படகைத் திருப்பியபிறகு அவரவர் கையில்தான் கொடுப்பாளாம். லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்து வைத்தாள். ஆரஞ்சு நிறம். நான்கு.

“மூன்று” என்று சொல்ல விமல் வாயெடுத்தான். அவள் அதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அவன் குனிந்து செருப்பைக் கழற்றி நிமிர்ந்தபோது மேசையில் மூன்றுதான் இருந்தது.

படகுகள் இரண்டு பேர் உட்காரும் வகை. பாலாவும் அஸ்கர் அலியும் ஒன்றில் ஏறினார்கள். விமல் தனியாக இன்னொன்றில். பின் சீட்டில் உட்காரப் போனவனைப் படகு தள்ளும் நேபாளிப் பையன் தடுத்தான்.

“நீ முன்னால உட்காரு பாய்.”

ஏன் என்று விமல் கேட்கவில்லை. உட்கார்ந்தான். பையன் தள்ளிவிட்டான். 4.41.

உள்ளே போகப் போக நகரத்தின் சத்தம் அடங்கியது. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். பச்சைத் தண்ணீர். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்கும் வேர்கள். துடுப்பு விழும் சத்தம் மட்டும்.

சளக்… சளக்…

விமலுக்குத் துடுப்புப் போட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் படகு நேராகப் போனது. பாலாவின் படகு கோணல்மாணலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது விமலுக்கு.

பிறகுதான் கவனித்தான். அவன் ஒரு தடவை போட்டால் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

சளக்… சளக்.

துடுப்பை மடியில் வைத்தான்.

சளக்.

படகு போய்க்கொண்டே இருந்தது.

5.04. கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. இன்னொரு சொட்டு. பின்னாலிருந்து துடுப்பை மாற்றிப் போட்டால் சிந்துமே, அப்படி.

படகின் மூக்கு மேலே தூக்கியிருந்தது. பின்பக்கம் கனம்.

முன்னால் பாலா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “பரவால்லப்பா, ரெண்டு பேரும் நல்லாத்தான் துடுப்புப் போடறீங்…”

முடிக்கவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

அஸ்கர் அலியும் திரும்பினான். அவன் உதடு எதையோ ஓதத் தொடங்கியது.

“விமல். திரும்பாத” என்றான் அஸ்கர் அலி.

“பாய்… பின்னால…”

“திரும்பாத. கரைக்கு வா.”

விமல் திரும்பவில்லை. கை துடுப்பைப் பிடிக்க மறுத்தது.

அப்போது காதுக்குப் பின்னால்… மிக மெதுவாக… மூச்சு வாங்கிக்கொண்டு…

“ஒண்ணு…”

“ரெண்டு…”

விமலின் கை தானாகத் தூக்கியது.

அப்படியே கரைவரைக்கும் வந்தார்கள். பின்னால் குரல் எண்ணியது. முன்னால் இவன் போட்டான். அழுதுகொண்டே போட்டான். தன் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை திட்டமாட்டானா என்று இருந்தது அவனுக்கு. குரல் திட்டவில்லை. எண்ணிக்கொண்டே வந்தது.

5.38. மணலில் முட்டியதும் படகு லேசானது. விமல் இறங்கி ஓடினான். ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் காருக்குப் போனான். ஐடி கார்டை வாங்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

திரும்பும் வழியில் அந்த டிங் டிங் ஒலி வரவில்லை. அஸ்கர் அலி மாட்டிய பெல்ட்டை யாரும் கழற்றியிருக்கவில்லை.

ஒரு மணி நேரம் கார் ஓடியது. பிறகு பாலா தொண்டையைச் செருமினார். “வெயில் தண்ணில பட்டா அப்படித்தான் என்னமோ தெரியும். விடுப்பா. திங்கக்கிழமை பேப்பரைக் கொண்டா, சைன் போட்டர்றேன்.”

விமல் எதற்காக ஒரு மாதமாக நாயாய் அலைந்தானோ அந்த வார்த்தை. அது வாயிலிருந்து விழும் நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. தெரியாத எண். அபுதாபி லேண்ட்லைன். 6.48. பாலா பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் மரியாதையா? கட் செய்தான்.

“ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றான்.

7.35க்கு அஸ்கர் அலிக்கு ஒரு அழைப்பு வந்தது. ஜெயசீலன் தங்கியிருந்த அறையிலிருந்து. மற்றவர்கள் எல்லோரும் காலை ஐந்தரைக்கே டியூட்டிக்குப் போயிருந்தார்கள். ஒருவன் சாயங்காலம் வந்து பார்த்தபோது ஜெயசீலன் கட்டிலுக்குக் கீழே கிடந்தான். கையில் போன். மாரடைப்பு. உயிர் போனது காலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் என்றார் டாக்டர். போனில் கடைசி அழைப்பு 6.11.

சண்டைக்கு அழைத்ததல்ல. இந்தப் பயணம் அவனுக்குத் தெரியவே தெரியாது.

விசா கேன்சல் ஆனவனுக்குக் கம்பெனி கிடையாது. உடலை ஊருக்கு அனுப்ப, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். “நீ இதுல தலையிடாத. புது வேலை நேரம்” என்றார் பாலா. விமல் தலையிடவில்லை. அஸ்கர் அலிதான் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தான். பாஸ்போர்ட் கிடைத்தது. ஜெயசீலனின் ஐடி கார்டை மட்டும் காணவில்லை. அறையையே புரட்டினார்கள். அதனால் இரண்டு நாள் தாமதம். வியாழக்கிழமை பெட்டி தூத்துக்குடிக்குப் போனது. விமல் ஏர்போர்ட்டுக்கும் போகவில்லை. திங்கட்கிழமையே அவன் பேப்பரில் பாலா கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை, குடும்ப விசாவுக்கு ஐடி கார்டு தேவைப்பட்டது. வேறு வழியில்லாமல் விமல் கயாக் நிலையத்துக்குத் தனியாகப் போனான்.

ஷிரின் டிராயரைத் திறந்தாள். இரண்டு கார்டு எடுத்து வைத்தாள்.

ஒன்று அவனுடையது.

இன்னொன்றில் ஜெயசீலன்.

“உங்களோட வந்தவர்தானே? இவரும் வாங்காமப் போயிட்டார்” என்றாள். கார்டோடு ஃபார்மையும் பின் அடித்து வைத்திருந்தாள். அதே சாய்ந்த கையெழுத்து. தேதி, சனிக்கிழமை. நேரம், மாலை 4.20.

கடைசி வரியைப் படித்தான் விமல்.

அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: விமல். உறவு: நண்பன். கீழே அவனுடைய எண்.

“அன்னிக்கு மூடும்போது ஜாக்கெட் ஒண்ணு குறைஞ்சுது” என்றாள் ஷிரின். “தண்ணியில யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு பயந்துட்டோம். இந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டோம். அப்புறம் பார்த்தா ஜாக்கெட் ஆணியில தொங்குது, ஈரம் சொட்டச் சொட்ட. சரி, வீட்டுக்குப் போயிட்டார்னு விட்டுட்டோம்.”

விமல் போனை எடுத்துப் பழைய அழைப்புகளைத் தள்ளிக்கொண்டே போனான். அந்தச் சனிக்கிழமை. காலை 6.11, ஜெயசீலன். மாலை 6.48, தெரியாத எண்.

இரண்டையும் அவனேதான் கட் செய்திருந்தான்.