பெட்டிக்குள் கறுத்த கத்தி

கரவனெல்லப் பக்கத்து றப்பர்த் தோட்டத்தில், துரை பங்களாவில் நான் சமையல்காரி. தேய்த்து வைக்கும் உருக்குக் கத்தி தினமும் கறுத்துவிடும். உதவிக்கு இருந்த செல்லம்மா எனக்குத் தெரியாமல் எடுத்து கொறக்காப் புளி நறுக்குகிறாள் என்று சந்தேகப்பட்டேன்.

"நான் தொடவே இல்லீங்க அக்கா. தேசிக்காய்ப் புளி தேய்ச்சா ஒடனே கழுவித் தொடைக்கணும்," என்றாள்.

"எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?"

துரைசானியிடம் சொல்லி அவளைப் புல்வெட்டுக்கு அனுப்பினேன்.

அவள் போன பிறகும், ஒளிந்து வந்து எடுப்பாளோ என்ற சந்தேகம் விடவில்லை. தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்று கழுவாமல், துணியில் சுற்றி என் பெட்டியில் பூட்டினேன். மாலையில் திறந்தால், தேசிக்காய்ப் புளி காய்ந்த இடமெல்லாம் கத்தி கறுத்திருந்தது. சாவி என் முந்தானையில்தான் இருந்தது.

துரைசானியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு நாள் பிடித்தது. அந்த எட்டு நாளும் செல்லம்மா மழையில், அட்டைக்கடியில் புல் வெட்டினாள்.