அனுசியாவின் சீசன் டியூட்டி

ஆய்க்குடி அனுசியா போலீஸில் சேர்ந்தது அவள் விருப்பத்தால் அல்ல. அப்பா போலீஸ், இரண்டு சித்தப்பாக்களும் போலீஸ். உயரம் இருக்கிறதே என்று அவளையும் சேர்த்துவிட்டார்கள். பதினைந்து வருடம் ஓடிவிட்டது. கணவன் ராணுவத்தில், எங்கோ எல்லையில். ஏழு வயது மகளை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார்.

சீசன் வந்தால் குற்றாலத்தில் பெண்கள் குளிக்கும் பக்கம் அவளுக்கு டியூட்டி. நாள் முழுக்கச் சாரலில் நின்று விசில் ஊதி வரிசையை நகர்த்த வேண்டும். காயாத பூட்ஸுக்குள் கால்விரல்கள் வெளுத்து ஊறிப்போகும். அலுவலக வேலைக்கு மாற்றச் சொல்லி மூன்றாவது முறையாக மனு கொடுத்திருந்தாள்.

இந்த வருடம் காவலர்களுக்கு யோகா வகுப்பு வைத்தார்கள். கட்டாயம் வரவேண்டும். பயிற்சியாளர் உலகம்மை ஒருநாள், யோக நெறியில் நியமங்கள் எனப்படும் ஒழுக்கங்களில் ஒன்றான சந்தோஷம் பற்றிப் பேசினார். எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பதல்ல, இருக்கும் நிலையோடு மல்லுக்கட்டாமல் மனம் அமைவது என்றார். அனுசியாவுக்குச் சுருக்கென்றது. வகுப்பு முடிந்ததும் நேரே அவரிடம் போனாள்.

"மேடம், வெளிய போக வழி இருக்கவங்களுக்கு நீங்க சொல்லுதது சரி. எனக்கு இன்னும் இருபத்தினாலு வருஷம் சர்வீஸ் இருக்கு."

உலகம்மை மெதுவாகச் சொன்னார்: "போகக் கூடாதுன்னு அது சொல்லலம்மா. போற வரைக்கும் மூச்சப் பிடிச்சிக்கிட்டே நிக்க வேண்டாம்னுதான் சொல்லுது."

அந்த வாரமே அருவியில் தண்ணீர் செந்நிறமாக மாறியது; மலையில் வெள்ளம் கிளம்பிவிட்டதற்கு அதுதான் அடையாளம். விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினாள். ஒருத்தி மட்டும் நகரவில்லை. "நீ தெனமும் இங்கனதான நிக்க. எங்களுக்கு இன்னைக்கு ஒருநாள்தான்," என்றாள்.

வேறு நாளாக இருந்தால் அனுசியா கத்தியிருப்பாள். நெஞ்சுக்குள் கோபம் ஏறுவது தெரிந்தது. ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"ஆமாக்கா, தெனமும்தான் நிக்கேன். வெள்ளம் வருது, வாங்க."

கையைப் பிடித்துப் படியேற்றினாள். சற்று நேரத்தில் அவர்கள் நின்ற இடத்தைச் செந்நிற வெள்ளம் மூடியது. அந்தப் பெண் அனுசியாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

நான்கு நாள் கழித்து மனு திரும்பி வந்தது. சீசன் முடியட்டும் என்றார்கள். உடை மாற்றும் அறையில் அனுசியா அழுதாள். அழுகையை அடக்க முயலவில்லை. அன்றைக்கே நான்காவது மனுவையும் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். பத்து நிமிடம் டியூட்டி நினைப்பே வரவில்லை. பின்னி முடித்து ரிப்பனைக் கட்டும்போதுதான் அது அவளுக்கே தெரிந்தது. பிறகு ஈர பூட்ஸை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.