பிலோவின் மோட்டாரில் ஓட்டுப் போடப் போன நாள்

பினாங்குப் பாலத்தில் மோட்டாரில் போகும்போது அடிக்கிற காற்றுக்கு ஒரு தனி வாசம் உண்டு. உப்பும் பெட்ரோலும் கலந்தது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டாலும் உதட்டில் கரிக்கும்...

இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று தேர்தல். பிலோமினா மோட்டாரை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மனசே இல்லாமல்தான்.

அப்போது நாங்கள் நாலு பெண்கள் கெலுகோரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். எல்லோருக்கும் பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை. பிலோவும் நானும் ஒரே லைன், ஒரே வயது. நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபால் டவுன்காரி; என் ஓட்டும் அங்கேதான் இருந்தது. அவள் அதே ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள்.

ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்த கால்கள்... அன்று முழுக்கத் தூங்கலாம் என்றிருந்தேன். காலைப் பூசை முடிந்து வந்த பிலோ, கோயிலுக்குப் போட்ட பாவாடையோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"எழுந்திரு லா. ஓட்டுப் போட வேணாமா?"

"அவ்ளோ தூரம் யாரு போவா? நான் ஒருத்தி போடலன்னா என்ன ஆயிடப்போவுது?"

"நான் ஏத்திட்டுப் போறேன்."

"நீதான் போட முடியாதே. உனக்கு என்னடி வந்துச்சு?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிலோவிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. இந்த நாட்டிலேயே பிறந்தவள்தான். எஸ்டேட் வீட்டில் பிரசவம். பிறப்பைப் பதிவு செய்யப் போனபோது அவள் அப்பா அம்மாவிடம் கல்யாணப் பத்திரம் இல்லை. அந்த ஒரு காகிதம் இல்லாததால் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை.

அவள் கோபப்படவில்லை. "எனக்குக் குடுக்கல. உனக்குக் குடுத்திருக்காங்க. கெளம்பு," என்று சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

நான் முனகிக்கொண்டே கிளம்புவதற்குள் மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. நிபோங் திபாலில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வரிசை நீண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றேன். உள்ளே மேசையில் இருந்த பெண் அதிகாரி, பெயர்ப் பட்டியலை இரண்டு முறை புரட்டிவிட்டு, என் பெயர் இல்லை என்று மலாயில் சொன்னார்.

வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த கட்சிக்கார அண்ணன் ஒருவர் என் ஐசி நம்பரை வாங்கிப் பார்த்தார். "தொகுதி எல்லைய மாத்திட்டாங்க தங்கச்சி. உங்க பேரு எஸ்டேட் தமிழ்ப்பள்ளிக்குப் போயிருச்சு."

அந்தப் பள்ளி செம்பனைக் காட்டுக்குள் ரொம்ப தூரம். ஐந்து மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்துவிடும். மணி நாலைத் தாண்டியிருந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"போதும் பிலோ. வீட்டுக்குப் போயிடலாம்."

"ஏறு," என்றாள்.

பாதி வழியில் மழை கொட்டியது. செம்மண் ரோட்டில் ஒரு வளைவில் மோட்டார் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் பாவாடை முழுக்கச் சேறு. நான் அழ ஆரம்பித்தேன். அவள் மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். கேட்டில் நின்ற போலீஸ்காரர் என் ஐசியைப் பார்த்து உள்ளே விட்டார். பிலோவைப் பார்த்தார். "நான் போடல சார். இவ மட்டுந்தான்," என்று சொல்லி அவளாகவே ஒதுங்கி நின்றாள்.

வகுப்பறைச் சுவரில் வாய்ப்பாடு ஒட்டியிருந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் ஒரு குறி போட்டேன். தாளை மடித்துப் பெட்டியில் போட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பும் வழியெல்லாம் கேள்விதான். தாள் எவ்வளவு பெரிசு? யாராவது எட்டிப் பார்த்தார்களா? கை நடுங்கியதா? யாருக்குப் போட்டேன் என்பதை மட்டும் அவள் கேட்கவில்லை.

மறுநாள் கேன்டீனில் நானே சொன்னேன். "நான் போட்ட ஆளு தோத்துட்டாரு. அதுவும் பெரிய வித்தியாசத்துல. இதுக்காடி அவ்ளோ பாடு?"

பிலோ தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "எண்ணும்போது உன்னோட தாளையும் கையில எடுத்து எண்ணியிருப்பாங்கல்ல?"

அதற்குப் பிறகு நான் ஒரு தேர்தலையும் விட்டதில்லை.

இப்போது என் ஓட்டு கெலுகோரில். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. பதிவு செய்ய அலைய வேண்டியதுகூட இல்லை, பதினெட்டு வயதானால் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறது. ஆனாலும் ஆபீஸில் ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது ஒருவர், "கியூ நீளமா இருக்கும் லா, யாரு போய் நிக்கிறது?" என்பார். நான் வாதாடுவதில்லை. இந்தக் கதையைச் சொல்வேன்... சிலர் போவார்கள். சிலர் போகமாட்டார்கள்.

பிலோ இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். எத்தனை தடவை விண்ணப்பம் போட்டாள் என்று அவளுக்கே கணக்கு மறந்துவிட்டது. போன வருடம்தான் குடிமக்களுக்கான நீல ஐசி கையில் கிடைத்தது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.

அடுத்த வாரமே போன். "அடுத்த தேர்தல் எப்போடி?"

"இன்னும் அறிவிக்கவே இல்லையே. ஏன்?"

"இல்ல... லீவு இப்பவே சொல்லி வச்சிடலாமான்னு பாத்தேன்."