ஒன்பது நிமிடத்துக்கு ஒரு மிடறு

மேல்வீட்டுக்காரி வாயில் தண்ணீரை எடுத்து, ஒரு பக்கக் கன்னம் உப்ப என்னைப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே ஒரு கண்ணாடிக் குவளைக்குள் துப்பினாள். சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல், என் நாலு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சமைக்கும் குசினி வாசலில் நின்றேன்.

"இதுதான் என்ர கன்னத்தின்ர அளவு," என்று தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள். "நாளைக்கு இதுக்குக் கீழதான் குடிக்கலாம். ஒன்பது நிமிசத்துக்கு ஒருக்கா."

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஆனால் என் நினைவில் அவள் எப்போதும் எங்கள் தமிழில்தான் கதைக்கிறாள்.

அவர்கள் யூதர்கள். நாளை யோம் கிப்பூர். ஒரு முழு நாள் தண்ணீர்கூடத் தொடாத விரதம். பாலுக்கு ஒரு சட்டி, இறைச்சிக்கு ஒரு சட்டி என்று வைத்திருப்பவள், சனிக்கிழமையில் சுவிட்சைத் தொடாதவள், மொன்றியலில் நான் கண்டவர்களிலேயே கண்டிப்பானவள். அவளா விரதத்தன்று குடிக்கப்போகிறாள்?

"என்ர பிள்ளைக்கு நிறை ஏறேல்லை. பட்டினி கிடப்பன் எண்டு எங்கட மதகுரு ரபியிட்டச் சொன்னன். அவருக்குக் கோவம் வந்திட்டுது. குடிக்காமல் விட்டால்தான் பாவமாம். இந்த அளவுக்குக் கீழ, இடைவெளி விட்டுக் குடிச்சால் விரதம் முறியாதாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மகளுக்கும் நிறை ஏறவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே கிளினிக்கில் ஒரே தராசில்தான் நிறுத்தார்கள். நானோ, பிரசவம் சுகமாக முடிந்தால் கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு இருப்பதாக முருகனுக்கு நேர்ந்திருந்தேன். சஷ்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. விரதம் இருந்தால் பால் வற்றிவிடுமோ? விட்டால் தெய்வக்குற்றம் பிள்ளையைத் தாக்குமோ? தினமும் ஒரு முடிவு எடுப்பேன், பின்னேரத்துக்குள் மாற்றிவிடுவேன்.

மறுநாள் மத்தியானம் மேலே போனேன். கணவனும் மூத்த பிள்ளைகளும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். அவள் வெள்ளை உடுத்தி, சுவர்மணிக்கூட்டுக்கு நேரே, மடியில் பிள்ளையும் கையில் பிரார்த்தனைப் புத்தகமுமாக இருந்தாள். முள் நகரும். ஒரு மிடறு. பிறகு புத்தகம். ஒரு நிமிடம் முந்தவும் இல்லை, தயங்கிப் பிந்தவும் இல்லை. குடிப்பதையும் இவ்வளவு கண்டிப்பாகச் செய்யலாமா!

படிகளில் ஓடி இறங்கி, கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பால் குடுக்கிற தாய்க்கு என்ன விரதம், பிள்ளை? ஏலுமானதைச் சாப்பிட்டு இருங்கோ," என்றார்.

ஏலுமானது! அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் ஆறு நாளும் என்னோடு சண்டைபிடிப்பேனே.

"அப்பிடியில்லை ஐயா. எத்தனை மில்லிலீற்றர், எத்தனை நிமிசத்துக்கு ஒருக்கா எண்டு சொல்லுங்கோ."

"என்ன? முருகன் என்ன மருந்துக்கடையோ வைச்சிருக்கிறார்?"

பக்கத்தில் நின்ற என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் விடவில்லை. மேல்வீட்டுக் கதை முழுவதையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"சரி, எழுதுங்கோ," என்றார் ஐயர். குரல் மாறியிருந்தது. "காலமை ஒரு பெரிய குவளை பால். பன்ரண்டு மணிக்கு வயிறு நிறையச் சோறும் பருப்பும். பின்னேரம் பழமும் பாலும். ஒண்டு குறைஞ்சாலும் உங்கட விரதம் முறிஞ்சுபோம். விளங்கிச்சோ?"

"ஓம் ஐயா!" சத்தம் கேட்டுத் தொட்டிலில் கிடந்த மகள் திடுக்கிட்டாள்.

சஷ்டி முதல் நாள், பன்னிரண்டு அடிக்க முன்னமே சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுவிட்டேன். ஐயர் சொன்னதை என்னிடம் கேட்டு வைத்திருந்த மேல்வீட்டுக்காரி தன் பிள்ளையோடு இறங்கி வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டாள். பாதியில் என் கை நின்றது. மனம் பழையபடி தொடங்கிவிட்டது. இவ்வளவும் சாப்பிட்டால் இது விரதமா என்று அவளிடமே கேட்டேன்.

அவள் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, என் கோப்பையைத்தான் பார்த்தாள்.

"அது உம்மட கேள்வியில்லை. உம்மட ஐயர் சொல்லிப்போட்டார். இன்னும் கிடக்கு, சாப்பிட்டு முடிச்சுப்போடும்."

முடித்தேன். கோப்பையை வழித்தும் சாப்பிட்டேன்.